டின்னுக்குள் இருந்த காய்ச்சல்

ஆஸ்பத்திரி வார்டு டிரெஸ்ஸர் ஐந்து விரல்களை நீட்டி என் வீட்டுக்காரர் காய்ச்சலுக்கு ஐந்து காரணம் சொன்னார். ஆறாவது காரணம் எங்கள் லயத்து வரிசை வீட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்காத வாய் என்று தோட்டமே சொல்லும். பேச வேண்டிய இடத்தில் மட்டும் அது பூட்டிக்கொண்டது.

ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, மறுபடி விலை கொஞ்சம் நிமிர்ந்த காலம் அது. மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் பால் மரம் வெட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அவருக்கு முதுகில் வலி வந்தது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். ஒரு வருஷத்தில் நடு முதுகில் எலும்பு ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. பால் வாளியைத் தூக்கினால் கால் இரண்டும் மரத்துப்போயின.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர்தான் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இது சுளுக்கு இல்லை, முதுகெலும்பைச் சயரோகம் அரிக்கிறது என்றார். துரையிடம் மூன்று தடவை போய் வாதாடி, தோட்டத்து லாரியில் மெத்தை போட்டு மலாக்கா டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவரும் அவரே. கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதமும் கொடுத்தார். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். கால் முன்னெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அரித்துப்போன முதுகெலும்பின் மேல் வைத்துத் தைத்தார்கள். நல்ல மரத்து மொட்டை எடுத்துச் சின்னக் கன்றில் ஒட்டுக் கட்டுகிறோமே, அதே மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஒட்டுப் பிடிக்கும் வரை அசையக் கூடாது. அதற்காகச் சுண்ணாம்பு மாவில் உடம்பு அளவுக்கு ஒரு தொட்டில் வார்த்து, அதில் அவரை மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். ஒட்டுப் பிடித்தால் நடப்பார். பிடிக்காவிட்டால் இருபத்தெட்டு வயதில் படுத்த படுக்கை. இதை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

கொய்னா கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையாக நிற்கும்போது, வெட்டுக்காட்டுக்குப் போகுமுன், டிரெஸ்ஸர் ஆளுக்கொரு கொய்னா மாத்திரை கொடுப்பார். மலேரியா வராமலிருக்க அது. விழுங்கித் தண்ணீர் குடித்ததும் அவரவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு யாரும் தெளிவாகப் பேச முடியாது என்பது அவர் நினைப்பு. பாவம், அவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு ஊர்க்கதை பேசும் ஜனங்கள் நாங்கள். எங்கள் வாய்க்கு ஒரு மாத்திரை எம்மாத்திரம்?

கொய்னா உஷ்ணம், கர்ப்பப்பையைச் சுட்டுவிடும், ஆம்பிளையின் வித்தையும் வறுத்துவிடும் என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டு தடவை கரு நின்று இரண்டு தடவையும் கலைந்திருந்தது. நம்பாமல் என்ன செய்வேன்? நான் துப்பினேன். அவரையும் துப்பச் சொன்னேன். அவர் முதலில் மாட்டேன் என்றார். இரண்டு நாள் நான் சோறு தின்னவில்லை, மூன்றாம் நாள் சரி என்றார்.

துப்பியதை எறிய இடமில்லை. கொசுப் புழு இருக்கிறதா என்று டிரெஸ்ஸர் தினமும் சாக்கடை சாக்கடையாகக் குனிந்து பார்த்து எண்ணெய் ஊற்றுவார். வெள்ளையாக ஒன்று கிடந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். அதனால் இரண்டு பேர் மாத்திரையையும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து டின்னில் போட்டேன். ஏழு மாதம் போட்டேன். நடுவில் அவருக்கு ஒன்றிரண்டு தடவை நடுக்கம் வந்தது. மழையில் நனைந்தேன் என்று சொல்லிச் சமாளித்தார்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் உடம்பு லேசாகச் சுட்டது, பிறகு தணிந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் பார்க்கப் போயிருந்தபோது குளிர் வந்தது. பல் கிட்டிக் கட்டில் கடகடவென்று ஆடியது. பிறகு நெருப்பாய்க் கொதித்தார். அப்புறம் வேர்த்து ஊற்றியது. குளிர், கொதிப்பு, வேர்வை என்ற இந்த வரிசை தோட்டத்தில் வளர்ந்த எவளுக்கும் மனப்பாடம்.

நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரையும் கூப்பிடாத புள்ள. மலேரியான்னு தெரிஞ்சா, கொய்னா எங்க போச்சுன்னு கேப்பாங்க. டிரெஸ்ஸர் ஐயா தலையிலதான் விடியும். நமக்கு லாரி வாங்கிக் குடுத்த மனுசன்லா."

"உங்க முதுகு என்னங்க ஆவறது?"

"காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிரும். எனக்கு வராத காய்ச்சலா?"

போர்வையைக் கடித்துக்கொண்டு சத்தம் வெளியே வராமல் நடுங்கினார். மத்தியானம் நர்சுகள் சாப்பிடப் போகும் நேரம். உடம்புச் சூடு பார்ப்பது காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும்தான். சாயங்காலம் அவர்களுக்குக் காய்ச்சல் தெரிந்தது, அதற்கு முன்னால் வந்த நடுக்கம் தெரியவில்லை. நானும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நன்றிக்காக இருந்தேன் என்று அன்றைக்கு என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நிஜத்தில் எனக்கு வெட்கம். எதற்காகத் துப்பினீர்கள் என்று வெள்ளைக்கார டாக்டர் கேட்டால் என்னவென்று சொல்வேன்?

எட்டாம் நாள் மத்தியானம் வார்டுக்குள் நுழையும்போதே வார்டு டிரெஸ்ஸர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"தங்கச்சி, நாளைக்குக் காலமை எட்டு மணிக்குத் திரும்பவும் முதுகைத் திறக்கப் போறார் டாக்டர். உள்ளுக்குச் சீழ் இருக்குமெண்டு நினைக்கிறார். இருந்தால் வைச்ச எலும்பை எடுத்துப்போடுவார்."

"எடுத்துட்டா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.  ஒட்டுக் கட்டைப் பாதியில் அவிழ்த்தால் மொட்டு கருகிப்போகும் என்பது தோட்டத்துக்காரிக்குத் தெரியாதா?

"காய்ச்சல் காயத்துனாலதான் வருதுன்னு எப்படிங்கய்யா தெரியும்?"

அப்போதுதான் விரல்களை நீட்டினார். "முதுகில வெட்டின ஆளுக்கு முதல் ரெண்டு நாள் காய்ச்சல் வந்தால் நாங்கள் பயப்பிடுறேல்ல. பிறகு வந்தால்தான் தேடுவம். மயக்க மருந்து சுவாசிச்சு மல்லாக்கக் கிடக்கிற ஆளுக்கு நெஞ்சில சளி கட்டும். நெஞ்சைப் பார்த்தாச்சு, நல்லாயிருக்கு. மூத்திரம் போக ரப்பர் குழாய் போட்டது, அதில கிருமி ஏறும். சலத்தையும் பார்த்தாச்சு. அசையாத காலில ரத்தம் உறைஞ்சு வீங்கும், வீக்கம் இல்லை. ஊசி போட்ட இடம் பழுக்கும், பழுக்கேல்ல. மிஞ்சினது காயம். அது கொஞ்சம் சிவந்துதான் கிடக்கு."

சுண்டுவிரலில் தொடங்கிய எண்ணிக்கை கட்டை விரலில் வந்து நின்றது.

"மலேரியாவா இருந்தா?" என்றேன். 

"அதையும் யோசிச்சது. ஒரு நாள் காலமை ரத்தம் எடுத்துப் பார்த்தது, ஒண்டும் இல்லை. அதோட உங்கட தோட்டத்து டிரெஸ்ஸர் கடிதத்தில எழுதியிருக்கிறார், ஏழு மாதமா ஒரு நாளும் தவறாமல் கொய்னா குடுத்து, விழுங்கினதைத் தானே பார்த்தனான் எண்டு. டாக்டர் அதை நம்பித்தான் அந்தப் பக்கத்தை மூடிப்போட்டார்."

அந்தக் கடிதம் எங்களைக் காப்பாற்ற எழுதிய கடிதம். என் வாய்ப்பூட்டு அங்கே உடைந்தது. துப்பினோம் ஐயா என்றேன். தினமும் மத்தியானம் குளிர் வருகிறது, உங்களுக்குத் தெரியாமல் மறைத்தோம் என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் முகம் சிவந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"நான் டாக்டரிட்டப் போய், இன்னொரு டிரெஸ்ஸர் எழுதினது பொய் எண்டு வாயால சொல்லேலாது. பெண்சாதி பயத்தில சொல்லுறா எண்டுவார். கையில காட்ட ஏதும் இருக்கோ?"

"இருக்குங்கய்யா," என்றேன். "தோட்டத்துல இருக்கு."

ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். டுரியான் துங்காலில் இறங்கித் தோட்டத்துக்கு மூன்று மைல் செம்மண் பாதையில் ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். திரும்பி டவுனுக்குப் போகக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. வீட்டில் நுழைந்து அரிசிப் பானையை நகர்த்தினேன். டின் இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தால், லயத்துச் சாக்கடையோரம் எண்ணெய் டப்பாவோடு தோட்டத்து டிரெஸ்ஸர் நிற்கிறார்.

"எப்ப வந்தம்மா? அவனுக்கு எப்படி இருக்கு?"

பொய் சொல்ல வாய் வந்தது. ஆனால் டின் கலகலத்தது. அவர் கையை நீட்டினார். எதற்காக நீட்டினார் என்று இன்று வரை எனக்கு நிச்சயமில்லை. நான் டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திறக்காமலே விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாக டின்னை வாங்கினார். தம் பேனாக்கத்தியால் மூடியை நெம்பித் திறந்தார். ஒரு மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அந்தக் கசப்பு அவருக்குத் தெரியாததா?

"இவ்வளவுமா?"

"பாதி என்னுதுங்கய்யா."

அந்த டின்னை அவர் அப்படியே சாக்கடையில் கொட்டியிருக்கலாம். கொட்டினால் நான் என்ன செய்திருப்பேன்? அவர் வேலை, ஆஸ்பத்திரி வீடு, துரையிடம் இருந்த மதிப்பு எல்லாம் அந்த டின்னில் கிடந்தன. என் புருஷனுடைய இரண்டு காலும் அதிலேயே கிடந்தன. இரண்டையும் அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் கண் அவர் கையை விட்டு நகரவில்லை.

மூடியை அழுத்தி மூடி என்னிடம் கொடுத்தார். "மணி நாலரை. நடந்து போனா பஸ் போயிரும். சைக்கிள்ல ஏறு."

டிரெஸ்ஸர் ஐயா சைக்கிளில் ஒரு கூலிக்காரி பின்னால் உட்கார்ந்து போனதை லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. அதற்கும் பிறகு ஆறு மாதம் கதை கட்டினார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டேன். அவர் மேட்டில் மூச்சு வாங்க மிதித்தார். பாதி வழி வந்தாயிற்று. பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"மருந்துனாலயா புள்ள வரலன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா?"

"நீங்க ஆம்பளைங்க. உங்ககிட்ட எப்படிங்கய்யா கேக்கிறது?"

அவர் குனிந்து இன்னும் வேகமாக மிதித்தார். ரோட்டைத் தொட்டபோது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் மணியை அடித்து அடித்து அதை நிறுத்தினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆபரேஷன் அறை வராந்தாவில் போய் நின்றேன். காவலாள் விரட்டினான். வார்டு டிரெஸ்ஸர் வந்து ஏதோ சொல்ல, முணுமுணுத்துக்கொண்டே விட்டான். எட்டுக்குச் சற்று முன்னால் தள்ளுவண்டியில் என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். என் கையில் டின்னைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். என் மேல் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். கோபப்படட்டும், நடக்கிற புருஷனிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் வந்தார். வார்டு டிரெஸ்ஸர் முன்னால் போய் இங்கிலீஷில் பேசினார். டாக்டர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினார். நான் குறுக்கே போய் நின்று டின்னைத் திறந்து நீட்டினேன். நீட்டிய வேகத்தில் நாலைந்து மாத்திரை சிமெண்டுத் தரையில் சிதறி உருண்டன.

அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். அதில் வெற்றிலைச் சிவப்பு ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் எண்டு கேட்கிறார்," என்றார் வார்டு டிரெஸ்ஸர்.

சுற்றி இரண்டு நர்சுகள், வண்டி தள்ளுகிறவர்கள், காவலாள், வண்டியில் புருஷன். அத்தனை பேர் நடுவில் சொன்னேன்.

"புள்ளைக்காகங்கய்யா. கொய்னா சூட்டுல புள்ள தங்காதுன்னு நான்தான் துப்பச் சொன்னேன். அவருக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. தோட்டத்து டிரெஸ்ஸர் ஐயாவும் பொய் எழுதல. நாங்கதான் அவர ஏமாத்தினோம்."

வார்டு டிரெஸ்ஸர் தடுமாறித் தடுமாறி அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் என் மேல் கத்தினார். என்ன கத்தினார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். கத்தி முடித்துவிட்டு வண்டியை வார்டுக்கே திருப்பச் சொன்னார். இன்று மத்தியானம் குளிர் வரும் நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும், அப்போதுதான் கிருமி பிடிபடும். அதில் மலேரியாக் கிருமி இல்லையென்றால் நாளைக் காலை முதுகைத் திறந்தே தீருவார். அவ்வளவுதான் தவணை.

அன்று மத்தியானம் மாதிரி ஒரு மத்தியானத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பன்னிரண்டு அடித்தது. வார்டு டிரெஸ்ஸர் கண்ணாடித் தகடும் ஊசியும் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரருக்குக் குளிர் வரவில்லை. உடம்பு சில்லென்று நன்றாக இருந்தது. பன்னிரண்டரை ஆயிற்று. நான்கு நாளாக, மாரியம்மா இந்தக் குளிர் வராமல் தடு என்று வேண்டியவள், இப்போது வரச்சொல்லி வேண்டினேன். கட்டின புருஷனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று சாமியிடம் கேட்ட பாவி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு மணி அடித்தது. வார்டு டிரெஸ்ஸர் எழுந்து நின்றார்.

"கொஞ்சம் இருங்கய்யா," என்று அவர் காலைப் பிடித்தேன்.

"கால விடு புள்ள," என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பேச்சில் பல் தந்தியடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அன்றைக்கு அவர் போர்வையைக் கடிக்கவில்லை. வார்டு முழுதும் கேட்க நடுங்கினார். வார்டு டிரெஸ்ஸர் விரல் நுனியில் குத்தி ரத்தத்தைத் தகட்டில் தேய்த்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

சாயங்காலம் முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி இருந்தது. முதுகைத் திறக்க வேண்டியதில்லை.

ஒட்டுப் பிடித்தது. ஒன்பது மாதம் சுண்ணாம்புத் தொட்டிலில் கிடந்து, கோலூன்றி எழுந்தார். பால் மரம் வெட்ட முடியவில்லை, ஸ்டோரில் ரப்பர் ஷீட் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். பிள்ளை, கொய்னாவைத் துப்பியும் வரவில்லை, குடித்தும் வரவில்லை. டாக்டர் தோட்டத்துக்கு எழுதிய கடிதத்தால் தோட்டத்து டிரெஸ்ஸர் துரையிடம் வாங்கிய பேச்சை மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். வேலை போகவில்லை, ஆனால் துரை அவரை உட்காரச் சொல்லிப் பேசுவது நின்றுபோனது. அதன்பின் பெரட்டில் அவர் பெயர் சொல்லச் சொல்வதை விட்டுவிட்டு, ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்காமல் அடுத்த ஆளிடம் போவார். நான் அவர் பின்னாலேயே போய் வாயைத் திறந்து காட்டுவேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் என் நெஞ்சில் நிற்பது அந்த முடிவு வந்த சாயங்காலம்தான். வார்டு டிரெஸ்ஸர் கொய்னா மாத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்தார். மாத்திரையை என் கையில் கொடுத்தார். நானே அதை என் வீட்டுக்காரர் நாக்கில் வைத்தேன், தலையை அசைக்காமல் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினேன். தொண்டை ஏறி இறங்கியது. டிரெஸ்ஸர் குவளையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்திருப்பார். இவர் மல்லாந்தபடியே, கூரையைப் பார்த்து, தம் பெயரைச் சத்தமாகச் சொன்னார், பெரட்டுக்களத்தில் சொல்வது போலவே. அங்கே பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

நான் இவர் கன்னம் இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.